கிரெடிட் ஸ்கோர் குறைவு, வீடு அவசரம்: ரொறன்ரோ பக்கம் குடும்பத்துக்கு வாடகை வீடு எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். இருக்கிற வீட்டை அடுத்த மாதக் கடைசிக்குள் விட வேண்டும். நிரந்தர வேலை இருக்கிறது, வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. ஆனால் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்பதற்குத் தரும் புள்ளி) 560. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. என்ன செய்யலாம்?

நான்கு கிழமையில் 560ஐ 700 ஆக்க வழியில்லை. ஆக்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். கிரெடிட்டைத் திருத்தித் தருவதற்கு முன்கூட்டியே காசு வாங்குவதை ஒன்ராறியோ நுகர்வோர் சட்டமே அனுமதிப்பதில்லை. உங்கள் கையில் இருப்பவை இரண்டு: விண்ணப்பம் யாரிடம் போகிறது என்பதும், அந்த எண்ணோடு சேர்த்து வேறு என்ன போகிறது என்பதும். பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் 560 மட்டும் அல்ல. விளக்கம் இல்லாத 560, அரைகுறைக் கோப்பு, அதுவும் மூன்று நாள் கழித்துப் போனது. அதே நாளில் 720 வைத்திருப்பவரின் முழுக் கோப்பு மேசையில் இருந்தால் வீட்டுக்காரர் உங்களுடையதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

யாரிடம் போவது என்பதிலிருந்து தொடங்குவோம். பெரிய நிறுவனங்கள் நடத்தும் அடுக்குமாடிகளில் அலுவலகத்தில் இருப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. கணினியில் போடுவார், ஒரு எல்லைக்குக் கீழே என்றால் மறுப்பு, அல்லது பிணை நிற்க ஆள் கேட்பார்கள். அவசரத்துக்கு அது முதல் வாசல் அல்ல. ஒரே ஒரு கொண்டோவை வாங்கி வாடகைக்கு விடுபவரும், வீட்டின் மேல்மாடியையோ பேஸ்மென்ட்டையோ விடுபவரும் வேறு மாதிரி. அவர்களுக்கு மாதம் முதலாம் திகதி மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கட்ட வாடகை வர வேண்டும், அவ்வளவுதான் கவலை. கிரெடிட்டை அதற்கான ஒரு அடையாளமாகத்தான் பார்க்கிறார்கள். அதைவிட நேரடியான சான்று, அதாவது பன்னிரண்டு மாதமும் வாடகை போன வங்கிக் கணக்கு, உங்களிடம் இருந்தால் பேச்சுக்கு இடமுண்டு.

இந்தச் சிறிய வீட்டுக்காரர்களைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று, தமிழ்க் கடை அறிவிப்புப் பலகை, கோயில், பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு, பத்திரிகை வரி விளம்பரம், கிஜிஜி, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ். இங்கே ஸ்கோரே கேட்காதவர்களும் உண்டு. இன்னொன்று, வீட்டு முகவர். வாடகைக்கு எடுத்துத் தரும் முகவருக்கு வழக்கமாக வீட்டுக்காரர்தான் கூலி கொடுக்கிறார், பொதுவாக அரை மாத வாடகை. எனவே உங்களுக்குச் செலவில்லை. நல்ல முகவர் விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் எதிர்த்தரப்பு முகவரைக் கூப்பிட்டு, “ஸ்கோர் 560, காரணம் இது, வருமானம் இவ்வளவு, வாடகை வரலாறு கையில் இருக்கிறது, உங்கள் ஆள் பார்ப்பாரா?” என்று கேட்டுவிடுவார். இந்த ஒரு அழைப்பு பத்து வீண் விண்ணப்பத்தை மிச்சப்படுத்தும். முகவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பட்டியலில் மூன்று கிழமைக்கு மேல் கிடக்கும், ஏற்கெனவே காலியாக இருக்கும் வீடுகள் எவை? எத்தனை நாள் கிடக்கிறது என்பது அவர்களுக்குத் திரையில் தெரியும். படத்தில் அறைகள் வெறுமையாக, “உடனடியாகக் குடிபுகலாம்” என்று போட்டிருக்கும் வீட்டுக்காரர் ஒவ்வொரு கிழமையும் காசு இழந்துகொண்டிருக்கிறார். புதிதாக வந்த, விலை குறைந்த, அழகான வீட்டுக்கு முதல் நாளே பத்து விண்ணப்பம் போகும், அங்கே 560 நிற்காது.

காலக்கணக்கும் உண்டு. இங்கே மாதாந்தக் குடியிருப்பவர் வீட்டை விட 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே ஆகஸ்ட் 1 காலியாகும் வீடுகள் ஜூன் முதல் வாரத்திலிருந்து பட்டியலுக்கு வரும். செப்டெம்பரில் பள்ளி தொடங்குவதால் ஜூலை, ஆகஸ்ட் குடும்பங்களுக்கிடையே போட்டி கடுமை. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை அதே வீட்டுக்காரர் இறங்கி வருவார். உங்கள் மாதத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, ஆனால் கோடையில் தேடுகிறீர்கள் என்றால் வாடகையில் நூறு டொலர் விட்டுக்கொடுத்தாவது காலி வீடுகளைக் குறிவையுங்கள்.

இனி கிரெடிட் அறிக்கை. அதை வைத்திருப்பவை ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று இரண்டு நிறுவனங்கள். இரண்டிலும் உங்கள் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம், நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ரொறன்ரோ வட்டாரத்தில் முகவர்கள் கேட்பது ஸ்கோர் சேர்ந்த முழு ஈக்விஃபாக்ஸ் அறிக்கை. கைபேசிச் செயலியின் வண்ண வட்டத்தைப் படம் பிடித்து அனுப்பினால் மதிக்க மாட்டார்கள். எண் முழுதாகத் தெரியும் பிடிஎஃப்ஃபாக, எந்தப் பக்கமும் விடாமல் கொடுங்கள்.

அதை அனுப்புவதற்கு முன் வரி வரியாக வாசியுங்கள். நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் பெயரில். தகப்பன் பெயர் ஒரு அட்டையில் கடைசிப் பெயராகவும் இன்னொன்றில் முதற்பெயராகவும் இருக்கும், நீண்ட பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அதனால் ஒருவருக்கே இரண்டு கோப்பு உருவாகலாம், நல்ல வரலாறு ஒன்றிலும் கெட்டது மற்றதிலும் கிடக்கும். சில வேளை அதே பெயருள்ள இன்னொருவரின் கடன் உங்களிடம் ஒட்டிக்கொள்ளும். பழைய முகவரிப் பட்டியலில் நீங்கள் ஒருநாளும் இருந்திராத வீடு இருந்தால் அதுதான் முதல் அறிகுறி. பிழை இருந்தால் உடனே ஆட்சேபம் பதியுங்கள். திருத்தம் வர சில வாரம் எடுக்கும், அதுவரை ஆட்சேபம் பதிந்த உறுதிப் பக்கத்தை அறிக்கையோடு இணையுங்கள்.

அடுத்து, கட்டாமல் விட்டு வசூல் நிறுவனத்துக்குப் போன கடன்களைக் காட்டும் கலெக்‌ஷன் பகுதி. உதாரணத்துக்கு, 2022இல் விட்டுப்போன ஒரு செல்போன் பில், 340 டொலர். தொகை சின்னது, ஆனால் வீட்டுக்காரர் கண்ணுக்கு அது “கட்டாமல் ஓடியவர்” என்று தெரியும். இதைக் கட்டிவிட்டு, மீதி பூச்சியம் என்று எழுத்தில் வாங்கி அறிக்கைக்குப் பின்னால் வையுங்கள். கட்டினாலும் அந்த வரி உடனே மறையாது, ஆறு வருடம் போல நிற்கும். ஆனால் கட்டிய கடனும் கட்டாத கடனும் வாசிப்பவருக்கு ஒன்றல்ல. கிரெடிட் கார்டு நிரம்பி இருந்தால் அங்கே கொஞ்சம் வேகமான பலன் உண்டு. 3,000 எல்லையில் 2,850 இருப்பதை, ஸ்டேட்மென்ட் திகதிக்கு முன் 900க்குக் கீழே கொண்டுவந்தால், அடுத்த மாதப் பதிவில் ஸ்கோர் அசையும். ஆனால் முதல் மாத, கடைசி மாத வாடகைக்கு வைத்திருக்கும் காசை எடுத்துக் கார்டில் போடாதீர்கள். சாவி கைக்கு வருவது அந்தக் காசால், ஸ்கோரில் ஏறும் முப்பது புள்ளியால் அல்ல.

கனடாவில் கணவன், மனைவி இருவருக்கும் கிரெடிட் தனித்தனி. மனைவிக்கு 690, கணவனுக்கு 560, மனைவியின் சம்பளமே வாடகையைத் தாங்கும் என்றால் அவர் பெயரில் விண்ணப்பித்து மற்றவரைக் “குடியிருப்பவர்” என்று மட்டும் காட்டலாம். மறைத்துச் செய்யக் கூடாது. வீட்டில் வாழும் பெரியவர்கள் எல்லோர் பெயரும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். பல வீட்டுக்காரர்கள் 18 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் ஒப்பந்தத்தில் கேட்பார்கள். கேட்டால் இருவர் அறிக்கையையும் கொடுங்கள், நல்லதை முதலில் வையுங்கள்.

கோப்பு ஒரே பிடிஎஃப் ஆக இருக்கட்டும், வீடு பார்க்கப் போவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். வரிசை முக்கியம்: ஒரு பக்க அறிமுகக் கடிதம், ஒன்ராறியோ வீட்டு முகவர்கள் பாவிக்கும் 410ஆம் இலக்க வாடகை விண்ணப்பப் படிவம், அடையாள அட்டை, முப்பது நாளுக்குள் எழுதிய வேலைக் கடிதம், கடைசி இரண்டு மூன்று பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), மூன்று மாத வங்கிக் கூற்று, பழைய வீட்டுக்காரரின் கடிதம், வாடகை போன வரிகளுக்கு மஞ்சள் பூசிய பன்னிரண்டு மாதக் கூற்று, அதன் பிறகுதான் கிரெடிட் அறிக்கை. வேலைக் கடிதத்தில் தொடங்கிய திகதி, நிரந்தரமா, வருடச் சம்பளம், உறுதிப்படுத்த ஒரு தொலைபேசி எண் நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பிக் கேட்பார்கள், அதற்குள் வீடு போய்விடும். டிரக், டெலிவரி, சொந்தத் தொழில் என்றால் பே ஸ்டப்புக்குப் பதில் இரண்டு வருட நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட்டும் (வருமானவரி மதிப்பீட்டுக் கடிதம்) ஆறு மாத வங்கிக் கூற்றும். செலவுகளைக் கழித்து வரியில் குறைந்த வருமானம் காட்டியிருந்தால் இந்த இடத்தில்தான் அது கடிக்கும்.

பலர் மறப்பது பிள்ளைகளுக்கான கொடுப்பனவு. சிசிபி (கனடா சைல்ட் பெனிஃபிட்) எனப்படும் அதுவும் வருமானமே. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான ஆண்டுக்கு ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு வருடம் 7,997 டொலரும், ஆறு முதல் பதினேழு வயதுப் பிள்ளைக்கு 6,748 டொலரும் உச்ச அளவு. குடும்ப வருமானம் ஏறஏறக் குறையும். உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்ற அறிவிப்புக் கடிதம் உங்கள் சிஆர்ஏ (கனடா வருமானவரி அலுவலகம்) கணக்கில் இருக்கும், அச்செடுத்து இணையுங்கள். மாதம் எழுநூறு எண்ணூறு டொலர் வரியில்லாமல் வருவது 2,600 டொலர் வாடகைக்கு முன்னால் சின்னத் தொகை அல்ல.

பழைய வீட்டுக்காரரின் கடிதம் பற்றி ஒன்று. அனுபவமுள்ளவர்கள் இப்போதைய வீட்டுக்காரரை அவ்வளவு நம்ப மாட்டார்கள், உங்களை அனுப்பிவிட வேண்டுமென்று புகழக்கூடும் அல்லவா? அதற்கு முந்தைய வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். இருவர் எண்ணும் கொடுத்து, அழைப்பு வரும் என்று இருவருக்கும் முதலே சொல்லி வையுங்கள். வீட்டுக்காரர், வாடகையாளர் சபையில் உங்கள் மேல் வழக்கு நடந்து தீர்ப்பு இருந்தால் அதையும் நீங்களே சொல்வது நல்லது. தீர்ப்புகளை வெளியிடும் கான்லி, ஓபன்ரூம் போன்ற தளங்களில் பெயர் போட்டுத் தேடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

கடிதம் கெஞ்சலாக இருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் இந்த அளவில் எழுதுங்கள்: “எங்கள் குடும்பத்தில் நால்வர். நான் இதே தொழிற்சாலையில் இரண்டு வருடமாக நிரந்தர வேலையில் இருக்கிறேன். கைக்கு வரும் மாத வருமானம், பிள்ளைக் கொடுப்பனவோடு, 5,900 டொலர். என் ஸ்கோர் 560. 2023இல் ஏழு மாதம் வேலை இல்லாதபோது இரண்டு கார்டுகளில் தவணை தவறியது. ஒன்று கட்டி முடிந்தது, மற்றது மாதம் 150 வீதம் போகிறது, கடிதம் இணைத்திருக்கிறேன். அந்த ஏழு மாதமும் வாடகை தவறவில்லை, கூற்று இணைத்திருக்கிறேன்.” இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கிறது. தாள் இல்லாத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். ஸ்கோரை அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுவது பாதி வேலை.

இதற்கும் அசையாவிட்டால் பிணை நிற்பவர். இங்கே இரண்டு வகை உண்டு, கலந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் உங்களோடு குடியிருப்பவராகக் கையெழுத்திடுபவர் ஒருவர், நீங்கள் கட்டாவிட்டால் மட்டும் கட்டுவேன் என்று உறுதி தருபவர் மற்றவர். உறவினரைக் கேட்கும்போது இரண்டாவது வகையையே கேளுங்கள். உறுதி முதல் வருடத்துக்கு மட்டும் என்று முடியும் திகதி போட்டு எழுதுங்கள். ஒரு வருட ஒப்பந்தம் முடிந்ததும் அது தானாக மாதாந்தமாகத் தொடரும். திகதி இல்லாவிட்டால் மாமாவின் பிணையும் தொடர்கிறதா இல்லையா என்ற சண்டை பின்னால் வரும். அவருக்குக் கனடாவில் நல்ல ஸ்கோரும், முடிந்தால் சொந்த வீடும் இருக்க வேண்டும். அவர் அறிக்கையும் வருமானச் சான்றும் அதே கோப்பில் போகும்.

காசு விஷயத்தில் குறைந்த ஸ்கோர்க்காரர்களைத்தான் அதிகம் கறக்கிறார்கள், ஆகவே சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் கேட்கக்கூடிய ஒரே வைப்பு, கடைசி மாத வாடகை. அது ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. சேதத்துக்கு வைப்பு, வளர்ப்புப் பிராணிக்கு வைப்பு, விண்ணப்பக் கட்டணம், சாவிக் காசு எதுவும் கேட்க முடியாது. சாவிக்குத் திரும்பத் தரும் வைப்பு மட்டும், புதுச் சாவி செய்யும் செலவளவு வாங்கலாம். பின்தேதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது, நீங்களாகக் கொடுக்க முன்வரலாம். கிரெடிட் மோசமானவர் அப்படி முன்வருவது நல்ல உத்திதான், காசு ஒன்றும் கூடப் போகப்போவதில்லை. 2,600 டொலர் வீட்டுக்கு முதல் மாதமும் கடைசி மாதமுமாக 5,200 டொலர் வங்கியில் தயாராக இருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டதும் 24 மணி நேரத்துக்குள் பேங்க் டிராஃப்ட் கேட்பது முகவர் வழியில் வழக்கம். சனிக்கிழமை மாலை ஏற்றுக்கொண்டால் ஞாயிறு பெரும்பாலான வங்கிக் கிளைகள் திறக்காது, அந்தக் கணக்கையும் முன்கூட்டிப் பேசிவையுங்கள்.

ஆறு மாத வாடகையை முன்பணமாக வைத்தால் வீடு தருகிறேன் என்பார்கள். வீட்டுக்காரர் அதைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. குடியிருப்பவர் தானாக முன்வந்து கொடுப்பது வேறு என்று பார்த்த தீர்ப்பு உண்டு, அந்த இடைவெளியில்தான் இந்த வழக்கம் ஓடுகிறது. என் கருத்தில் இது கடைசி ஆயுதம். வீட்டுக்காரர் மோர்ட்கேஜ் கட்டாமல் வங்கி வீட்டை எடுத்தால், அல்லது வீட்டில் குடியிருக்கவே முடியாத குறை வந்தால், முன்னால் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆறுக்குப் பதில் இரண்டு மாதம் என்று பேசுங்கள், எந்த எந்த மாதத்துக்கான வாடகை என்று ரசீதில் பெயர் போட்டு வாங்குங்கள், ரொக்கமாக ஒருபோதும் வேண்டாம்.

பிள்ளைகள் இருப்பதால் வீடு இல்லை என்று சொல்வது ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப்படி குற்றம். சமூகநல உதவி வாங்குவதைக் காரணமாக்குவதும் அப்படியே. கிரெடிட்டையும் வாடகை வரலாற்றையும் பார்க்கலாம், ஆனால் வருமானத்தில் 30 வீதத்துக்கு மேல் வாடகை போகிறது என்று கணக்குப் போட்டு மட்டும் மறுக்கக் கூடாது. கிரெடிட் வரலாறே இல்லாத புதியவரை, இல்லை என்பதற்காகவே தள்ளக் கூடாது. குறுஞ்செய்தியில் அப்படிச் சொன்னால் சேமித்துவையுங்கள், முறையிட ஒரு வருடம் இருக்கிறது. ஆனால் அந்த முறைப்பாடு இந்த மாதம் வீடு தராது, வாசலில் நின்று வாதாடுவதைவிட அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

சின் எண்ணை (சமூகக் காப்புறுதி எண்) கொடுக்க வேண்டியதில்லை. பெயர், பிறந்த திகதி, முகவரி மூன்றும் உங்கள் எழுத்துமூலச் சம்மதமும் கிரெடிட் பார்க்கப் போதும். உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு இ-டிரான்ஸ்ஃபர் அனுப்பாதீர்கள். “கிரெடிட் பார்க்க மாட்டோம், இன்றே வைப்பு அனுப்பினால் வீடு உங்களுக்கு” என்பது உங்களைப் போன்றவர்களுக்காகவே விரிக்கும் வலை. முகவர் இல்லாமல் எடுத்தால் சொத்துவரிப் பில்லையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயர் ஒன்றா என்று பாருங்கள். சந்தேகமென்றால் ஒன்ராறியோ காணிப் பதிவுத் தளமான ஒன்லாண்டில் கட்டணம் கட்டி உரிமையாளர் பெயரை எடுக்கலாம். அதேபோல், பே ஸ்டப் செய்து தருகிறோம் என்பவர்களையும் அண்டாதீர்கள். வங்கிக் கணக்கோடு ஒப்பிடும் சேவைகளை வீட்டுக்காரர்கள் இப்போது தாராளமாகப் பாவிக்கிறார்கள், போலி பிடிபட்டால் கெட்ட ஸ்கோர் மோசடியாக மாறிவிடும்.

அவசரத்தில் பேஸ்மென்ட் எடுப்பவர்கள் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். வீட்டுக்காரரோடு அல்லது அவர் குடும்பத்தோடு சமையலறையையோ குளியலறையையோ கட்டாயமாகப் பகிரும் ஏற்பாடு என்றால் வாடகையாளர் பாதுகாப்புச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது, அவர் போ என்றால் போக வேண்டியதுதான். பிள்ளைகளோடு அந்த நிலை வேண்டாம், தனிச் சமையலறை, தனி வாசல் பாருங்கள். இரண்டாவது, 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய கட்டடம், அல்லது அதற்குப் பிறகு புதிதாகக் கட்டிய பேஸ்மென்ட், வாடகை உயர்வு வரம்புக்குள் வராது. 2026இல் மற்ற வீடுகளுக்கு வரம்பு 2.1 வீதம், இங்கே 300 டொலர் ஏற்றினாலும் 90 நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் சட்டப்படி சரி. எப்போது கட்டியது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். மூன்றாவது, “ஹைட்ரோ (மின்சாரம்), காஸ் எல்லாம் பகிர்வோம்” என்ற வாய்ப்பேச்சு. எத்தனை வீதம், பில்லின் நகல் காட்டுவாரா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மொனாக்சைடு கருவியும் இருக்கின்றனவா, தீப்பிடித்தால் படுக்கையறை ஜன்னல் வழியே ஒரு பெரியவர் வெளியேற முடியுமா என்று நின்று பாருங்கள்.

2018 ஏப்ரல் 30 முதல் அரசின் பொது ஒப்பந்தப் படிவம் கட்டாயம். வேறு தாளில் எழுதித் தந்தால் எழுத்துமூலம் அந்தப் படிவத்தைக் கேளுங்கள். 21 நாளில் தராவிட்டால் ஒரு மாத வாடகையைப் பிடித்துவைக்க உரிமை உண்டு. புதிதாகப் போன வீட்டில் அந்த உரிமையைப் பாவிப்பதைவிட, சாவி வாங்கும் முன்னே படிவத்தை வாங்குவது புத்திசாலித்தனம்.

முதல், கடைசி மாதக் காசே இல்லையென்றால் ரொறன்ரோ நகருக்குள் ரென்ட் பேங்க் இருக்கிறது, தகுதியுள்ளவர்களுக்கு வாடகை வைப்புக்கும் உதவும். மற்றப் பிராந்தியங்களில் 211ஐ அழைத்தால் அங்குள்ள திட்டத்தைச் சொல்வார்கள். எதுவும் அன்றே கிடைக்காது, வீடு தேடத் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பியுங்கள்.

குடிபுகுந்த பிறகு வாடகையை எப்போதும் கணக்கிலிருந்து, மாதம் குறிப்பிட்டு அனுப்புங்கள். கட்டும் வாடகையைக் கிரெடிட் அறிக்கையில் பதிய வைக்கும் சேவைகளும் உண்டு, சிலவற்றை வீட்டுக்காரர் இல்லாமலே நீங்கள் தொடங்கலாம். கடைசி மாத வாடகை வைப்புக்கு வருடாவருடம் வட்டி உங்களுக்குச் சேரும், அந்த ஆண்டின் வாடகை உயர்வு வீதம்தான் வட்டி வீதம். கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை.